வாராவாரம் காத்து ஏறுற வண்டி

வாங்க தம்பி, செருப்போடவே வாங்க. இது கார் செட்டுதானுங்க, பூசை ரூம் இல்ல. நீங்கதானுங்களா சுகந்தன்? மெட்ராஸ்ல இருந்து பழைய காரு வாங்க ஒருத்தரு வருவாருன்னு என்ற பையன் மெல்போர்ன்ல இருந்து நேத்தே போன் பண்ணிட்டான். நல்ல மனுசரும்மா, வண்டியப் பத்தி நல்லாத் தெரிஞ்சவரு, நீ ஒண்ணும் பேச வேண்டாம், சாவிய மட்டும் குடுத்துருன்னான். நான் பேசாம இருந்துருவனாமா. அம்மாளப் பத்தி அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்த ஸ்டூல்ல உக்காருங்க. தூசி இருந்தா தட்டிக்குங்க. எங்கூட்டுக்காரரு போனதுல இருந்து இந்தக் கதவ நான் தெறக்கவே இல்ல. போன ஆடியில போனாரு.

மூணும் ஒரே கம்பெனிதானுங்க. வின்ஸ்லோ. இங்கிலீசுக்காரன் கம்பெனி, மூடி ரொம்ப நாளாச்சு. இந்தப் பச்சை அறுபத்தொண்ணாம் வருசத்து வண்டி. மஞ்சள் எழுபத்தி மூணு. அந்தக் கோடியில துணி போத்தி நிக்குதே சாம்பல் கலரு, அது தொண்ணூத்தி ரெண்டு. மூணும் ரெண்டே பேரு உக்கார்ற வண்டி, மேல கூரைய மடிச்சு விட்டுட்டுச் சர்ருனு போற வண்டி. குடும்பத்தோட மருதமலைக்குப் போகோணும்னா மூணுல ஒண்ணும் ஆகாது.

உங்களுக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஒரே ஒரு கண்டிசன். எத எடுத்தாலும் எடுங்க, எடுக்காட்டி விடுங்க. இந்தப் பச்சைய மட்டும் இன்னைக்கே ஏத்திட்டுப் போயிரோணும். லாரி வருதில்லீங்க? பொழுது எறங்கறதுக்குள்ள இது அந்தக் கேட்டத் தாண்டோணும். மத்தது ரெண்டும் நின்னா நிக்கட்டும், என்ன தீனியா கேக்குது. இது நிக்கிற வரைக்கும் என்னால இந்த ஊட்டுல இருக்க முடியாது.

ஏன்னு கேக்கறீங்க. கேக்கத்தான செய்வீங்க, காசு குடுத்து வாங்கப் போறவரு. மறைக்காமச் சொல்லிப்போடறேன். இது நம்பி ஓட்டற வண்டி இல்லீங்க.

தகரம் என்னமோ நல்ல கனந்தான். அந்தக் கதவச் சாத்திப் பாருங்க. பாத்தீங்களா, தொப்புனு விழுகுது, ஒரு ஆட்டம் இல்ல. அத வெச்சு ஏமாந்துராதீங்க. இதுல ஒழுகாத எடமே இல்ல. இஞ்சின்ல ஆயில் ஒழுகும். ரேடியேட்டர்ல தண்ணி ஒழுகும். மழை பேஞ்சா கூரை ஒழுகும். லைட்டப் போட்டா ஹாரன் அடிச்ச காலமெல்லாம் உண்டு. கீழ தரையப் பாருங்க, எத்தனை தடவ மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சாலும் போகாத கறை. மஞ்சள் வண்டிக்குக் கீழ கொஞ்சம் சின்னக் கறை. சாம்பலுக்குக் கீழ ஒண்ணுமே இருக்காது, சோறு போட்டுச் சாப்பிடலாம். எந்த வண்டி எப்படின்னு தரையே சொல்லுமுங்க.

வால்பாறையில ஒரு எஸ்டேட்டுத் துரை ஊருக்குப் போறப்ப இத வித்துட்டுப் போனான். எங்க மாமனாரு பம்பு செட்டு பேக்டரி வெச்சிருந்தாரு பீளமேட்டுல. எங்கூட்டுக்காரரு காலேசு முடிச்சதுக்கு வாங்கிக் குடுத்தாரு. நான் கல்யாணமாகி வர்றப்பவே எனக்கு முந்தி இது ஊட்டுல இருந்துது. மூத்தாளுன்னு வெச்சுக்குங்களேன்.

ஒழுகறதெல்லாம்கூட நான் மன்னிச்சுருவேன் தம்பி. பிரேக்குத்தான். இந்த வண்டியோட பிரேக்குல வாராவாரம் காத்து ஏறிரும்.

உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் நான் பட்டதச் சொல்றேன். பிரேக்குக் கொழாய்க்குள்ள எண்ணெய் ஓடுதில்ல, அதுல காத்துப் புகுந்துட்டா பெடலு மெத்துனு போயிரும், வண்டி நிக்காது. அந்தக் காத்த எடுக்க ரெண்டு ஆளு வேணும். ஒருத்தரு மேல உக்காந்து பெடல அமுக்கோணும். இன்னொருத்தரு கீழ படுத்து, சக்கரத்துக்கிட்ட இருக்கிற திருகாணியத் தெறந்து மூடோணும். அமுக்குன்னா அமுக்கோணும். புடின்னா அப்படியே புடிச்சுக்கோணும். விடுன்னாத்தான் விடோணும். அவரு மூடறதுக்கு முந்தி நான் கால எடுத்துட்டன்னா எடுத்த காத்து மறுபடியும் உள்ள போயிரும், மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்.

மேல உக்காந்து அமுக்குனது ஆருங்கறீங்க? நாந்தான்.

ஞாயித்துக்கிழமை தவறாம. அமுக்கு, புடி, விடு. அமுக்கு, புடி, விடு. நாலு சக்கரத்துக்கும். கல்யாணமான புதுசுல ஆரம்பிச்சது, தலை நரைச்சும் விடல. டிரைவர் சீட்டுல நான் உக்காந்த மாதிரி இந்தக் கோயமுத்தூருல எந்தப் பொம்பளையும் உக்காந்திருக்க மாட்டா. ஒரு அடி நகந்ததில்ல. எனக்கு இன்னைக்கும் காரு ஓட்டத் தெரியாது.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? ஆமாங்க, வாராவாரந்தான். நாஞ் சொல்லல, அவரே சொல்லுவாரு. இங்கிலீசுக்காரன் கட்டுன லட்சணம் அப்படி, வாரம் ஒருக்கா எடுக்காட்டிப் பிரேக்குப் புடிக்காதும்பாரு. நானும் அக்கம்பக்கத்துல பாக்கறவங்ககிட்டயெல்லாம் அதேதான் சொல்லுவேன். இந்தப் பழைய பந்தயக் காரு ஆசை மட்டும் உங்கூட்டு ஆம்பளைகளுக்கு வராமப் பாத்துக்குங்க தாயி, ஞாயித்துக்கிழமையெல்லாம் போயிரும்னு.

பேக்டரியில ஆளில்லையான்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. எங்க மாமியாரும் அதத்தான் கேட்டாங்க. "ஏப்பா, அத்தனை பேரு வேலை செய்யறாங்க, அந்த எழவு வண்டிக்குப் பெடலு மிதிக்க ஒருத்தன் கெடைக்கலியா? உம் பொண்டாட்டிதான் வரோணுமா?"ன்னாங்க. இவரு தலையக் குனிஞ்சிட்டு, "மத்தவனெல்லாம் கால முன்னப் பின்ன எடுத்தர்றாம்மா. சௌந்தரத்தோட காலுதான் சரியா நிக்குது"ன்னாரு. சௌந்தரம் நாந்தானுங்க. என்ற காலுக்கு வந்த யோகத்தப் பாருங்க.

அப்பெல்லாம் ஊடு நெறைய ஆளு. அவரோட அண்ணனூட்டுக் குடும்பம், தம்பியூட்டுக் குடும்பம், மாமனாரு மாமியாரு. ஞாயித்துக்கிழமைன்னா கோழியடிச்சுக் கொழம்பு கொதிக்கும், ஓரகத்தியெல்லாம் முத்தத்துல உக்காந்து சிரிச்சுப் பேசிட்டிருப்பாளுக. நான் இங்க பெட்ரோல் நாத்தத்துல உக்காந்திருப்பேன். சிரிப்புச் சத்தம் இங்க வரைக்கும் கேக்கும். வயித்தெரிச்சலா இருக்கும்.

அதுலயும் அந்தப் புடின்னு சொல்றாரு பாருங்க, அங்கதான் கஷ்டமே. புடின்னுட்டு விடுன்னு சொல்லவே மாட்டாரு. காலு மரத்துப் போகும். என்னத்த அவ்வளவு நேரம் திருகுவாரோ. பேச ஆரம்பிச்சாருன்னா மறந்துருவாரு.

ஆமா, பேசுவாரு. அத நான் சொல்லலியா? எங்கூட்டுல பெரியவங்க முன்னால புருசங்கிட்ட நின்னு பேசற பழக்கமெல்லாம் இல்லீங்க. அவருஞ் சும்மாவே வாயத் தெறக்காத ஆளு. சோத்துக்கு உப்புப் பத்தலைன்னாக்கூடச் சொல்ல மாட்டாரு, தின்னுட்டு எந்திரிச்சுருவாரு. ஆனா வண்டிக்கு அடியில போயிப் படுத்துட்டாருன்னா என்னமோ வாயி வந்துரும். அவரு மூஞ்சி எனக்குத் தெரியாது, என்ற மூஞ்சி அவருக்குத் தெரியாது. வெளிய நீட்டிட்டிருக்கிற காலு மட்டுந்தான் தெரியும்.

கல்யாணமாகி மூணு நாலு மாசம் இருக்கும். ஒருநா கீழ இருந்து, "உனக்கு இந்த ஊடு ஒத்துப்போச்சா?"ன்னு கேட்டாரு. அதுவரைக்கும் ஆரும் எங்கிட்ட அதக் கேக்கலீங்க. என்ற அம்மாகூடக் கேக்கல. "ம்"னேன். "பொய் சொல்லாத, பெடலு ஆடுது"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சதுல காலு நழுவிக் காத்து உள்ள போயிருச்சு, மறுபடியும் மொத சக்கரத்துல இருந்து எடுத்தோம்.

இப்படித்தான். அவிங்கப்பா அவரத் திட்டுனது, பேக்டரியில வேலைநிறுத்தம் வந்தப்ப அவரு பயந்தது, அவருக்கு வாத்தியாராகோணும்னு இருந்த ஆசை, எல்லாம் அடியில இருந்துதான் சொல்லுவாரு. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். பெடலப் புடிச்சிட்டு உக்காந்திருப்பேன்.

எங்களுக்குப் பையனுக்கு முந்தி ஒரு பொண்ணு பொறந்துதுங்க. தங்கல. ஊட்டுல ஆரும் அதப் பத்திப் பேசல. பேசக்கூடாதும்பாங்க, அடுத்தது வரோணுமில்ல. இவரும் பேசல. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து நிக்கிறாரு, "வர்றியா, காத்து எடுக்கோணும்"னு. பச்சை ஒடம்புக்காரி நான். மாமியாரு சண்டைக்கே போயிட்டாங்க. அந்த மனுசனுக்கு அன்னைக்கும் வண்டிதானுங்க பெருசு. நானும் கோவத்துலயே வந்து உக்காந்தேன்.

அமுக்குன்னாரு. புடின்னாரு. அவ்வளவுதான், விடுன்னு சொல்லவே இல்ல. ரொம்ப நேரங்கழிச்சு, "பேரு நெனச்சு வெச்சிருந்தேன்"ன்னாரு. பேரையும் சொன்னாரு. அது எனக்கும் அவருக்குந்தான் தெரியும், பையனுக்குக்கூடத் தெரியாது, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். அப்பறமும் விடுன்னு சொல்லல. நான் அழுதுட்டே புடிச்சிட்டிருந்தேன். அவரு எந்திரிச்சு வெளிய வர்றப்பக் கண்ணு ரெண்டும் செவந்து வீங்கிக் கெடக்குது. "பிரேக் ஆயில் கண்ணுல விழுந்துருச்சு"ன்னாரு. அது பட்டா அப்படித்தான் எரியுமாமே? பாருங்க, அன்னைக்குக்கூட இந்தச் சனியன் அவரு கண்ணுல ஆயில அடிச்சுருச்சு. இதையெல்லாம் எப்படி தம்பி நல்ல வண்டின்னு சொல்றது.

பொறகு மாமனாரு காலமாகி, பாகம் பிரிச்சுத் தனியா வந்தோம். இந்த ஊடு. ஊடு பூரா நாங்க ரெண்டு பேரும் பையனும்தான். பேசறதுன்னா அடுக்களையில நின்னே பேசலாம், ஆரு கேக்கப் போறா? பேச மாட்டாரு. வாரம் பூரா வெச்சிருந்து ஞாயித்துக்கிழமை வண்டிக்கடியில போயித்தான் சொல்லுவாரு. பழகிப் போச்சு.

இந்த மஞ்சள் அப்பத்தான் வந்துது. தம்பி, இத மட்டும் வாங்கிராதீங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன். இது செஞ்ச காலத்துல அந்தக் கம்பெனியில பாதி நாளு வேலைநிறுத்தமாமே. கதவுக்குள்ள என்னமோ லொடலொடன்னு சத்தம் வருதுன்னு பிரிச்சா, உள்ள ஒரு காலி பாட்டிலும் ரொட்டி சுத்துன காகிதமும் கெடந்துது. தின்னுட்டு உள்ளயே போட்டு மூடி அனுப்பியிருக்கான். தகரமும் அப்பளமாட்டத் தகரம், ரெண்டு மழைக்குத் துரு ஏறி ஓட்டை உழுந்துரும். முன்னால பம்பரு ரப்பரு. பச்சைக்கும் இதுக்கும் ஒரே பேரு, ஒரே வயித்துல பொறந்த மாதிரியா இருக்குது? ஆனா பிரேக்கு மட்டும் இதுல பரவால்ல. மாசத்துக்கு ஒருக்கா எடுத்தாப் போதும்னாரு.

சாம்பல் வண்டி, அது எங்கூட்டுக்காரரு கொச்சியில ஒரு டாக்டருகிட்ட வாங்குனது. பையன் ஆஸ்திரேலியா போன பொறகு. அதுல நீங்க ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. சாவியத் திருப்புனாக் கெளம்பும். மழையா வெயிலா, ஒண்ணும் கெடையாது. உள்ள என்னமோ கம்ப்யூட்டராமே, எல்லாம் அதுவே பாத்துக்குமாம். பிரேக்குல காத்தும் ஏறாது, கீத்தும் ஏறாது. வாங்குன மொத வாரம் அதுலதான் என்னை ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஏசி போட்டுக் கண்ணாடியெல்லாம் மூடியாச்சு. சத்தமே இல்ல. மேட்டுப்பாளையம் தாண்டி, பர்லியாறு தாண்டி, குன்னூரு தாண்டி, ஊட்டி போயி ஏரியப் பாத்துட்டுத் திரும்பி வந்தோம். போறப்பவும் வர்றப்பவும் ஒரு வார்த்தை பேசலீங்க. நானும் பேசல. என்ன பேசறது? வண்டிதான் ஒரு எடத்துலயும் நிக்கலியே.

அப்பறம் எனக்கு முட்டி வலி வந்துருச்சு. இருக்காதா பின்ன, அத்தனை வருசம் மிதிச்சிருக்கேன். டாக்டரு காலுக்கு வேலை குடுக்காதீங்கன்னாரு. நான் பையங்கிட்டப் போன்ல பொலம்புனேன். அவன், "அம்மா, ஒரே ஆளு காத்து எடுக்கறதுக்கு மெஷின் இருக்குது. பம்ப அடிச்சா அதுவே அமுக்கிப் புடிச்சுக்கும். மேல ஆளே வேண்டாம்"ன்னான். வாங்கிட்டு வாடா சாமின்னேன். அவங்கப்பாவுக்கு எழுபதாங் கல்யாணம் வந்துது, திருக்கடையூருல. அப்ப எடுத்துட்டு வந்தான். நாந்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன்னு பெருமையா எல்லாருகிட்டயுஞ் சொன்னேன். புதுச் சாமானில்லீங்களா, பெட்டி மூடி சேர்ற எடத்துல என்ற கையாலயே சந்தனத்தக் கொழச்சு வெச்சுக் குங்குமம் இட்டு அவரு கையில குடுத்தேன். "இனி எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு"ன்னேன். எல்லாருஞ் சிரிச்சாங்க. அவரு பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நல்லாருக்கு"ன்னாரு.

அதோட என்னைக் கூப்புடறத நிறுத்திட்டாருங்க.

சுத்தமா நிறுத்திட்டாரு. ஞாயித்துக்கிழமை காத்தால காப்பியக் குடிச்சுட்டு ஒத்தையா வருவாரு. கதவச் சாத்திக்குவாரு. மத்தியானம் சோத்துக்குத்தான் வெளிய வருவாரு. மெஷின் நல்லா வேலை செய்யுதுங்களான்னு கேப்பேன். "ம்." முன்னயவிட நல்லாக் காத்து வருதுங்களான்னு கேப்பேன். "ம்." அவ்வளவுதான். வாரத்துல ஒருநா பேசிட்டிருந்த மனுசன், அந்த ஒருநாளும் பேச்சு நின்னுபோச்சு.

முட்டி வலின்னு சொன்னேன், வாஸ்தவந்தான். ஒரு வாரம் வலிக்கும், ஒரு வாரம் வலிக்காது. சும்மாவாவது வந்து உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? மெஷின் வந்துது, நான் வேண்டாதவளாப் போயிட்டேன். அத்தனை வருசம் உக்காந்திருந்தது வெறுங் காலுக்குத்தான்னு ஆயிப்போச்சு. எனக்கும் ரோசம் இருக்குதில்லீங்க. கூப்புடாத எடத்துக்கு நான் ஏன் போகோணும்? கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். உள்ள சத்தமே கேக்காது. மெஷின்ல சத்தம் வராதாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்குவேன்.

போன ஆடியிலயும் ஞாயித்துக்கிழமைதான். சோத்துக்கு வரல. வந்து பாத்தா, இதா, இந்தப் பச்சை வண்டியோட முன் சக்கரத்துல சாஞ்சு தரையில உக்காந்திருக்காரு. தூங்கறாருன்னுதான் நெனச்சேன். நெஞ்சுவலின்னாங்க. கையில ஒரு சாமானும் இல்ல. ஸ்பேனரு, டப்பா, ஒண்ணும் எடுத்து வெக்கல. அன்னைக்கு வேலைய ஆரம்பிக்கறதுக்கு முந்தியே வந்துருச்சு போல. கடைசியா அவரு ஒடம்பு தொட்டிருந்தது இந்த வண்டியத்தான். நான் அந்தப் பக்கம் ரசத்துக்குத் தாளிச்சிட்டிருந்தேன்.

இப்பச் சொல்லுங்க, இத எடுத்துட்டுப் போறீங்களா இல்லியா?

பாருங்க, பாருங்க, நல்லாப் பாத்து வாங்குங்க. சக்கரத்துக்குப் பின்னால டார்ச்சடிச்சா என்னங்க தெரியும்? கசிவே இல்லியா? அட, எல்லாந் தொடைச்சு வெச்சிருப்பாரு. பெடல அமுக்கிப் பாக்கறீங்களா? உக்காருங்க, அமுக்குங்க. தரையத் தொடும் பாருங்க, போன ஆடியில இருந்து ஆருந் தொடல.

தொடலியா?

கல்லாட்ட நிக்குதா? இருக்காது தம்பி. வாராவாரம் காத்து ஏறிரும் இதுக்கு. என்னது, பிரேக்குத்தான் இந்த வண்டியிலயே நல்லாக் கட்டுன எடமா? இந்த மாடலுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எடுத்தாப் போதுமா? ஆரு சொன்னது? உங்க வண்டிக்கு அப்படி இருக்கும். எங்க வண்டிக்கு அப்படி இல்லீங்க. அவரு சும்மாவா சொல்லுவாரு? மெஷின் வெச்சு நல்லா எடுத்திருக்காரு, அதான் இத்தனை நாளைக்கு நிக்குது. மெஷின்தான் காரணம்.

அந்த அலமாரியில இருக்கும் பாருங்க. கீழ்த் தட்டுல. தூசி படாமத் துணி சுத்தி வெச்சிருப்பாரு. அதேதான், அந்தப் பெட்டிதான். அதையும் சேத்தி எடுத்துக்குங்க, எனக்கு எதுக்கு. பிரிச்சுப் பாருங்க, உள்ள எல்லாம் இருக்குதான்னு.

என்ன தம்பி?

பிரிக்கலையா? பிரிச்சிருப்பாரு. பிரிச்சுட்டு ஒட்டி வெச்சிருப்பாரு, எதையும் பத்தரமா வெக்கிற ஆளு. இங்க குடுங்க. கண்ணாடி போடாம எனக்குத் தெரியாது. வெளிச்சத்துக்குக் கொண்டாங்க.

இது நான் வெச்ச சந்தனம்.

மூடி சேர்ற எடத்துல, ரெண்டு பக்கமும் சேத்தி வெச்சேன். காஞ்சு போயிருக்குது. உதிரல. நடுவுல கோடுகூட இல்லியே தம்பி. தெறந்திருந்தா நடுவுல ஒடைஞ்சிருக்கோணுமில்ல? குங்குமம்கூட அப்படியே இருக்குது.

அப்பறம் இங்க என்ன செஞ்சிட்டிருந்தாரு? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. கதவச் சாத்திட்டு, சோத்து நேரம் வரைக்கும். மெஷின எடுக்கல. பிரேக்குக்குக் காத்தும் ஏறல. ஏறவே ஏறாதுங்கறீங்க நீங்க. அப்ப அத்தனை வருசம் என்ன எடுத்தோம் நாங்க?

வேண்டாம் தம்பி, தண்ணியெல்லாம் வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க, நான் உக்காந்துக்கறேன். இல்ல, ஸ்டூலு வேண்டாம். இந்தச் சீட்டு. எனக்கு ஏறத் தெரியும், கதவ மட்டும் புடிங்க. கூப்புடட்டும், கூப்புடட்டும்னு நான் அங்க இருந்திருக்கேன். காலு வலிக்குதுன்னாளே, எப்படிக் கூப்புடறதுன்னு இவரு இங்க இருந்திருக்காரு. நடுவுல ஒரு கதவு, தாப்பாகூடப் போடாத கதவு.

தம்பி, ஒண்ணு கேட்டாச் செய்வீங்களா? நல்ல சட்டை போட்டிருக்கீங்க, பரவால்ல, ஊட்டுல துவைச்சுத் தர்றேன். அந்தச் சாக்கக் கீழ விரிச்சுக்குங்க. கொஞ்சம் அடியில போயிப் படுங்க. காத்து இல்லைன்னு தெரியும் தம்பி, நீங்கதான சொன்னீங்க. திருகாணியத் தொட வேண்டாம், ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். சும்மாப் படுங்க. லாரிக்காரனுக்குப் பொறகு போன் பண்ணிக்கலாம்.

அமுக்குன்னு நீங்க சொல்ல வேண்டாம். அமுக்கிட்டேன். புடிச்சிட்டிருக்கேன்.

உங்க காலு தெரியுது. இப்ப எதாச்சும் பேசுங்க தம்பி. வண்டியப் பத்தின்னாலும் சரி, உங்க ஊட்டப் பத்தின்னாலும் சரி. விடுன்னு மட்டும் சொல்லிராதீங்க.